ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகு: எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது, எதை அடுத்து?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் எழுதியது இது. நான் இதய மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். அக்கறை இல்லாமல் தடுமாறுகிறவர்களை அங்கே அதிகம் பார்த்ததில்லை. முதல் வாரமே உப்பில்லாச் சாப்பாடு, ஐந்து கிலோமீட்டர் நடை, யோகா என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி, மூன்றாம் மாதம் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அதனால்தான் வரிசை. முதல் நாளிலிருந்து மாத்திரையும் புகையிலை நிறுத்தமும். டாக்டர் சரி என்றதும் நடை, கொஞ்சம் கொஞ்சமாக. அது நிலைத்ததும் சமையலறை. அப்புறம் பிரஷர், கொழுப்பு, எடை என்ற எண்கள்.

முதல் மாதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓயாசிஸ் 5 என்ற ஆய்வு ஒரு பதில் தருகிறது. 41 நாடுகளைச் சேர்ந்த 18,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம், பாதிப்பு வந்த முப்பதாம் நாள் அவர்களுடைய பழக்கங்களைக் கேட்டுக்கொண்டு, ஆறு மாதம் வரை பின்தொடர்ந்தார்கள். 2010ல் முடிவு வெளியானது. புகையையும் விடாமல், உணவையும் உடற்பயிற்சியையும் கவனிக்காமல் இருந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து, புகைப்பழக்கமே இல்லாமல் மற்ற இரண்டையும் கவனித்தவர்களைவிட 3.8 மடங்கு இருந்தது. ஆறே மாதத்துக்குள் தெரிந்த வித்தியாசம் இது.

வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரை விஷயத்தில் கணக்கு வேறு. பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை எடை தூக்கக் கூடாது. இவர்கள் இந்த வழிகாட்டியைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பின்பற்றட்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு நகல். ஆஞ்சியோ சிடி. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி. ஒரு நோட்டு. மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் டிஜிட்டல் பிரஷர் கருவி. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், கையை வைக்கும் உயரம் சற்று மாறினாலும் அளவு மாறிவிடும். இதயத்தின் பம்ப் பலம் குறைந்தவர் என்றால் ஒரு எடை மெஷினும் வேண்டும்.

1. டிஸ்சார்ஜ் சம்மரியை உட்கார்ந்து வாசியுங்கள்

ஃபைலுக்குள் போட்டு பீரோவில் வைத்துவிடாதீர்கள். அதில் நான்கு விஷயங்களைக் கண்டுபிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

முதலாவது, எக்கோ என்ற இதய ஸ்கேனில் வந்த இ.எஃப். சதவீதம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 50க்கு மேல் இருந்தால் நல்லது. 40க்குக் கீழ் என்றால் நடையை மெதுவாகக் கூட்ட வேண்டும், எடையையும் தினமும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வேறு ரத்தக்குழாயில் பிளாக் பாக்கி இருக்கிறதா என்பது. “இன்னொன்றை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தால், அது முடியும் வரை எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். மூன்றாவது, மாத்திரைப் பட்டியல். நான்காவது, மறுபடி வரச் சொன்ன தேதி.

2. மாத்திரைகளை ஒழுங்குபடுத்துங்கள்

ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படியும் நோய் அப்படியே இருக்கிறது. புதிதாக வைத்த உலோக வலையின் மேல் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகத்தான் ரத்தம் இளக்கும் மாத்திரை இரண்டு: ஆஸ்பிரின் ஒன்று, கூடவே குளோபிடோக்ரல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் மூன்றில் ஒன்று. மாரடைப்புக்குப் பின் இந்த இரண்டாவது மாத்திரை வழக்கமாக ஒரு வருடம் வரை போகும். அதை எப்போது நிறுத்துவது என்பது இதய டாக்டரின் முடிவு. வேறு யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

பல் பிடுங்கப் போனால் “நாலு நாள் நிறுத்திட்டு வாங்க” என்று சொல்லக்கூடும். அங்கிருந்தே இதய டாக்டருக்குப் போன் போடுங்கள். சாதாரணமாக ஒரு பல் எடுக்க இதை நிறுத்த வேண்டியதில்லை.

பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை போல ஒரே நேரத்தில் நிரப்புங்கள். மெடிக்கலில் அட்டையை வெட்டித் தரும்போது பேரும் காலாவதித் தேதியும் மறுபாதியோடு போய்விடும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது வெட்டிய துண்டை ஒரு கவரில் போட்டுப் பேர், தேதி எழுதி வையுங்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். “அந்த மஞ்சள் மாத்திரை” என்று நிறத்தை வைத்துப் பழகியவர் ஒரே மருந்தை இரண்டு பேரில் சாப்பிடுவது நடக்கிறது. மருந்தின் வேதிப்பெயரை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

புதியவர்கள் மாத்திரையை நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

“கொழுப்பு நார்மல் ஆயிடுச்சு.” மாத்திரை போடுவதால்தான் நார்மலில் இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் வகை மாத்திரைகள் எண்ணைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்துவிடாமலும் காக்கின்றன. இவை நீண்ட கால மருந்து. உடம்பெல்லாம் தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாற்றுவார்.

“மூச்சு வாங்குது.” டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சுத் திணறல் போன்ற உணர்வைத் தரும், இது அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனால் அது மாத்திரையால் வருகிறதா, இதயத்தால் வருகிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நீங்களாக நிறுத்தாமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

“வறட்டு இருமல்.” ராமிப்ரில் வகைப் பிரஷர் மாத்திரைக்கு இது உண்டு. மாற்று மருந்தும் உண்டு.

ஈறில் லேசான ரத்தம், தோலில் நீலம் பாரிப்பது எல்லாம் அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டியவை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனை.

மூட்டு வலி, முதுகு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் போதும். குளோபிடோக்ரல் எடுப்பவர் வயிற்றெரிச்சலுக்குத் தானாக ஒமெப்ரசோல் வாங்கக் கூடாது, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த பேன்டோப்ரசோல் இருந்தால் அதையே போடுங்கள்.

3. நெஞ்சுவலி வந்தால் யார் என்ன செய்வது?

இதை வலி வராத நாளில் முடிவு செய்து, எழுதி, போன் சார்ஜர் இருக்கும் சுவரில் ஒட்ட வேண்டும். வலி வந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் கை ஓடாது.

நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அது சட்டைப்பையில் ஒன்று, கட்டிலருகே ஒன்று இருக்கட்டும். வலி வந்தால் செய்யும் வேலையை நிறுத்துங்கள், உட்காருங்கள், பிறகு வையுங்கள். நின்றுகொண்டே வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கி மயங்கி விழுவார்கள். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108. பக்கத்து வீட்டுப் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம். வழியில் இதயம் நின்றுபோனால் ஆம்புலன்ஸில் கருவி இருக்கும்.

ஆண்மைக்கான சில்டெனாஃபில், டடாலஃபில் வகை மாத்திரை எடுத்தவர் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்குச் சரியும். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அதே தாளில், 24 மணி நேரமும் கேத் லேப் (ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் அறை) இயங்கும் பக்கத்து மருத்துவமனையின் பேரையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் இருக்கிறது. நகரத்திலிருந்து தள்ளி இருப்பவர்கள் தங்கள் ஊர் நிலையம் எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து வைக்கலாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, “கேஸா இருக்கும்” என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி என்று மட்டும் வரலாம். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு இப்படி வந்தால், கேஸ்தான் என்று முடிவு செய்ய வேண்டியவர் ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர்.

4. புகையிலையைப் படிப்படியாக அல்ல, ஒரேயடியாக

பீடி, சிகரெட், பொட்டலப் புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் இதில் சேரும். மாரடைப்புக்குப் பிறகு புகையை விட்டவர்களுக்கு மரண ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு இணையான பலன் தரும் வேறு பழக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரேயடியாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் எப்படியும் புகைக்கவில்லை, கடினமான முதல் சில நாட்கள் அங்கேயே கழிந்துவிட்டன. வீட்டுக்கு வந்து “ஒண்ணே ஒண்ணு” என்று தொடங்கினால் அந்த நாட்களை மறுபடி முதலிலிருந்து கடக்க வேண்டும்.

பெரும்பாலும் பழைய பழக்கத்துக்கு இழுத்துப் போவது டீக்கடை. காலை டீயை முதல் இரண்டு மாதம் வீட்டிலேயே குடியுங்கள். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தானாகத் தணியும், அந்த நேரத்துக்கு எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் பேசுங்கள். 1800-11-2356 என்பது புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். நிகோட்டின் சூயிங்கம் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டில் மகனோ மருமகனோ புகைத்தால் அவர்களும் வாசலுக்கு வெளியே போகட்டும். அடுத்தவர் விடும் புகையும் இந்த ரத்தக்குழாயைத்தான் தாக்குகிறது.

5. நடை: நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம்

முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. கை மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தக் கையால் ஒரு வாரம் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்காதீர்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி வந்தால், ஒன்றரை மாதத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. இ.எஃப். குறைந்தவர்கள் இதைவிட மெதுவாகப் போகலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

வேகத்தை அளக்க நாடித்துடிப்பை நம்பாதீர்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு பெரிதாக ஏறாது. கைக்கடிகாரம் 95 காட்டுகிறதே என்று இன்னும் வேகம் கூட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சுதான் சரியான அளவுகோல். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். மார்கழிக் குளிரில் விடியுமுன் கிளம்பாதீர்கள், குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் நின்று உட்காருங்கள். ‘வீடு வரைக்கும் நடந்துவிடலாம்’ என்று நினைக்காதீர்கள்.

அரசு அமைத்திருக்கும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளில் முதல் மாதமே முழுதும் நடக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லத் திருவண்ணாமலை கிரிவலம் வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. அது 14 கிலோமீட்டர், பௌர்ணமிக் கூட்டத்தில் இரவு முழுக்க. வேண்டுதலை விட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். டிரெட்மில் சோதனை செய்து டாக்டர் சரி என்ற பிறகு, கூட்டமில்லாத நாளில், துணையோடு போகலாம்.

6. சாப்பாடு: உப்பு, எண்ணெய், சோறு

நோயாளிக்குத் தனிச் சமையல் என்று தொடங்கும் வீடுகளில் அது நீடிப்பதில்லை. சமைப்பவர் சலித்துப்போகிறார், சாப்பிடுபவர் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறார். வீடு முழுக்க ஒரே சமையல் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு குழம்பிலும் அளந்துகொண்டிருக்க முடியாது. நான் சொல்லித்தரும் வழி, உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுதுவது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பாக்கெட்டே சொல்லிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இந்தக் கணக்கில் வராது, அவை தனி. அவற்றை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒரே நாளில் உப்பை நிறுத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு சில வாரத்தில் பழகிக்கொள்ளும். அதுவரை எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கை கொடுக்கும். ரசத்தில் உப்புக் குறைவது தெரியாது, தயிர்சாதத்தில் உடனே தெரியும். ஆகவே ரசத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் பலர். இந்துப்பும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

அடுத்து எண்ணெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கி, அதற்குள் முடியுங்கள். தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் உறையும் கொழுப்பு அதிகம், அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மேல். பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ. சோற்றை முதலில் போட்டால் அது தட்டை நிறைத்துவிடும், காயை முதலில் போடுங்கள். மத்தி, அயிலை போன்ற மீன்களைக் குழம்பாக வைத்தால் நல்லது, வறுத்தால் அந்த நன்மை எண்ணெயோடு போய்விடுகிறது.

7. எண்களைப் பாருங்கள், சரியான முறையில்

பிரஷர்: சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கால் தரையில், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில். சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி நேரம் கழித்து. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே இலக்கு. ஒரு நாள் 150 வந்ததற்காக மாத்திரையைக் கூட்டாதீர்கள். ஒரு வாரக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.: மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதத்தில் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். லேப் அறிக்கையின் ஓரத்தில் ‘100க்குக் கீழ் நார்மல்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது நோயில்லாதவருக்கான கணக்கு. மாரடைப்பு வந்தவருக்கு 55க்குக் கீழே என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019ல் இலக்கு வைத்தது. 90 வந்தால் டாக்டரிடம் போய்ப் பேச வேண்டும்.

எடை: இ.எஃப். குறைந்தவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன் பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, உடம்பில் தேங்கும் நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

8. மனசும் வீட்டு வாழ்க்கையும்

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயாகவே வருகிறது. தூக்கம் வராமல் புரள்வது, பேரப்பிள்ளையிடம்கூடப் பேசப் பிடிக்காமல் போவது, “இனிமே என்ன இருக்கு” என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு வந்தவர் மாத்திரையையும் நடையையும்தான் முதலில் விடுகிறார். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தாம்பத்தியம் பற்றிப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, பயந்துகொண்டே விலகிவிடுகிறார்கள். இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை.

9. ஆறு மாதத்துக்குப் பிறகு

உடம்பு நன்றாக இருக்கும் இந்தக் காலத்தில்தான் மாத்திரை விட்டுப்போகிறது. விரதம் இருக்க நினைத்தால், முக்கியமாகச் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். பயணத்தில் மாத்திரையைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். வருடம் ஒருமுறை இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போடுங்கள், காய்ச்சலோடு வரும் மாரடைப்பை அது குறைக்கிறது. மருதம்பட்டைக் கஷாயமோ பூண்டு லேகியமோ எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரைக்குப் பதிலாக எடுக்காதீர்கள்.

ஒரு வருடம் நெருங்கும்போது நோட்டையும், புதிய எக்கோ, எல்.டி.எல். அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இரண்டாவது ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தலாமா, எந்தத் தேதியிலிருந்து? பதிலை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்னதைக் காதில் வாங்கி வீட்டுக்கு வருவதற்குள், எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்பதில் குழப்பம் வந்து ஆஸ்பிரினை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.